அம்பத்திமூண்டு பிளேட்

பழைய கார் விற்கும் கம்பனி ஒன்றில், எந்தக் கார் ஏன் விற்கிறது என்று கணக்குப் பார்ப்பதுதான் எங்கள் இருவரின் வேலை. நிறம், கியர், சன்ரூஃப், ஓடிய மைல், வயது எல்லாவற்றையும் கணினியில் போட்டால், ஒரு கார் எவ்வளவு வேகமாக விலைபோகும் என்று எங்கள் புள்ளியியல் மாதிரி சொல்லிவிடும். அதைக் கட்டியவர் என்னோடு வேலை செய்யும் அக்கா. மன்னாரிலிருந்து வந்த கத்தோலிக்கர், ஞாயிறு பூசையைத் தவறவிடாதவர். எண்களையும் அதே பக்தியோடுதான் பார்ப்பார். நான் அவருக்கு உதவி என்று பெயர்.

லண்டனைச் சுற்றியிருந்த மற்றக் கிளைகளில் எல்லாம் மாதிரி சொன்னபடி நடந்தது. வெம்பிளியில் மட்டும் காலை வாரிவிட்டது. வெள்ளி நிறம், ஓட்டோமற்றிக், குறைந்த மைல் என்று பறந்துபோக வேண்டிய கார்கள் அங்கே மழையில் நனைந்துகொண்டு நின்றன. தலைமை அலுவலகத்துப் பெரியவர், ஒரு வெள்ளைக்காரர், உடனே தீர்ப்புச் சொல்லிவிட்டார்: காரில் பிழையில்லை என்றால் விற்பவரில்தான் பிழை. வெம்பிளியில் விற்பனைக்குப் பொறுப்பாக இருந்தவர் யாழ்ப்பாணத்து அண்ணை ஒருவர். மாத முடிவில் அவரை வீட்டுக்கு அனுப்புவதாக முடிவாகியிருந்தது. ஐம்பது தாண்டிய மனிதருக்கு இந்த ஊரில் யார் திரும்ப வேலை கொடுப்பார்கள்? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அக்கா கோபப்படவில்லை.

"எங்கட கணக்குக்கு விளங்காத மிச்சத்தை ஒரு மனுசன்ரை தலையில கட்டேலாது. நாங்கள்தான் எதையோ பாக்கேல்லை," என்றார்.

பிறகு, தேவையில்லை என்று நாங்கள் ஒதுக்கியிருந்ததையெல்லாம் ஒவ்வொன்றாக உள்ளே போட்டுப் பார்த்தார். டயர், சீற்றுத் துணி, கதவுகள். ஒன்றும் அசையவில்லை. கடைசியில் நம்பர் பிளேட். இந்த நாட்டில் பிளேட்டிலுள்ள இரண்டு இலக்கம், கார் எந்த அரையாண்டில் பதிவானது என்பதைச் சொல்லும். 53 என்று போட்டதும் வெம்பிளியின் மிச்சமெல்லாம் அதில் போய் ஒட்டிக்கொண்டது. மற்றக் கிளைகளில் 53 ஒரு பொருட்டே இல்லை.

"தம்பி, அம்பத்திமூண்டில அப்பிடி என்ன இருக்கு?"

எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. "அஞ்சும் மூண்டும் எட்டு அக்கா. சனியின்ரை நம்பர். வெம்பிளியில கார் வாங்க வாறது முக்கால்வாசி எங்கட ஆக்கள்தானே, ஆரும் வாங்கமாட்டினம்."

சொல்லும்போதுதான் எனக்கே உறைத்தது. என் சொந்தக் காரையும் நான் கூட்டிப் பார்த்துத்தான் வாங்கியிருந்தேன். அது கணக்கில் ஏறக்கூடிய விஷயம் என்று மட்டும் தோன்றவே இல்லை.

அண்ணைக்குப் போன் எடுத்தோம். "ஓம், தெரியும்," என்றார். "வெள்ளைக்காரனுக்கு இதை எப்பிடிச் சொல்லுறது? விசரன் எண்டெல்லே நினைப்பான்." வேலை போனாலும் போகட்டும், நம் சனத்தைப் பார்த்து யாரும் சிரிக்கக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறார் மனிதர்.

அக்கா பெரியவர் முன்னால் வரைபடத்தைப் போட்டு 53ஐக் காட்டினார். பெரியவர் உதட்டைச் சுழித்து, மூடநம்பிக்கையா என்று கேட்டார். அக்கா குரலை உயர்த்தவே இல்லை. வெள்ளி நிறம் ஏன் பிடிக்கிறது என்று நாம் யாரையும் கேட்பதில்லையே, இதுவும் காரின் ஓர் அம்சம்தான் என்று ஆங்கிலத்தில் சொன்னார். எண் சோதிடத்தில் அவருக்குத் துளி நம்பிக்கை கிடையாது. நம்புகிறவர்களைப் பார்த்து இளக்காரமும் கிடையாது. அந்த நிமிடம் அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம் போல இருந்தது எனக்கு. 53 பிளேட் கார்களை மற்றக் கிளைகளுக்கு ஏற்றுவதென்று முடிவாயிற்று. அண்ணை வெம்பிளியிலேயே இருந்தார்.

அடுத்த கிழமை அக்கா தனக்கு ஒரு கார் எடுக்க வெம்பிளிக்குப் போனார். நானும் கூடப் போனேன். ஏற்றாமல் மிஞ்சி நின்ற ஒரேயொரு 53 பிளேட் காரைக் காட்டி, இது போதும் என்றார். அண்ணையின் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும்.

"தங்கச்சி, வேற எதையெண்டாலும் எடுங்கோ. இது வேண்டாம்."

"அண்ணை, நீங்கள் கார் விக்கிற ஆள்."

"இது விக்காட்டிலும் பரவாயில்லை. உங்களுக்கு ஒண்டும் வரக்கூடாது."

அக்கா அதையேதான் எடுத்தார். உள்ளே ஏறிக் கண்ணாடியில் செபமாலையை மாட்டினார். அண்ணை பக்கத்துக் கடைக்கு ஓடிப்போய், தோஷம் கழிய நாலு எலுமிச்சந் தேசிக்காய் வாங்கி வந்து, மழைக்குள் குனிந்து, நாலு சில்லுக்கும் அடியில் தன் கையாலேயே வைத்தார்.

அக்கா சிரிக்கவில்லை. நாலும் நசியும்படி பார்த்து, மெதுவாகக் காரை எடுத்தார்.