நண்டு மேசையில் ஊதா விளக்கு: குருநகரில் ஒரு பகல்

மூன்று வருடங்களாக, கண்ணால் பார்க்காத இயந்திரங்களைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். தொழிற்சாலைக் கமெராக்கள், சிறு மோட்டார்கள், பரிசோதனை விளக்குகள் ஆகியவற்றின் கையேடுகளைத் தமிழாக்குவது என் வேலை. வவுனியாவில், வீட்டு மேசையிலேயே எல்லாம் முடிந்துவிடும். கடந்த பெப்ரவரியில், திரையில் வரும் சொற்களை நான் தமிழாக்கிக் கொடுத்த ஓர் இயந்திரம் குருநகர்ப் பக்கத்து நண்டுத் தொழிற்சாலை ஒன்றில் பொருத்திப் பூட்டப்படுவதாக அறிந்தேன். வந்து பார்க்கலாமா என்று இறக்குமதி செய்தவர்களிடம் கேட்டேன். பார்க்கலாம், எழுதினால் கொம்பனிப் பெயர் போடக்கூடாது என்றார்கள். எனக்கும் அதுவே வசதி.

காலை ஐந்தரைக்கு வவுனியாவில் பேருந்து ஏறினேன். ஏறத்தாழ நூற்று நாற்பது கிலோமீற்றர், கட்டணம் நானூற்று எண்பது ரூபாய். வடக்கே போகும்போது வலப்பக்க ஜன்னலில் உட்காராதீர்கள், ஆனையிறவு வரைக்கும் வெயில் முகத்தில்தான். சாவகச்சேரியில் சந்தைக்கு வந்தவர்கள் இறங்கி முடியப் பத்து நிமிடம் சென்றது. யாழ்ப்பாணத்தில் கால் வைத்தபோது ஒன்பதேகால்.

வழியில் பழைய கையேடுகளை நினைத்துக்கொண்டிருந்தேன். நான் வேலை தொடங்கியபோது அவை தடிமனானவை. மோட்டாரை எப்படிச் சரிப்படுத்துவது என்பதற்கே நாற்பது பக்கம் போகும். இப்போது மோட்டார் தன்னைத்தானே சரிப்படுத்திக்கொள்கிறது. கமெராக்கள் சிறுத்து, மலிந்துவிட்டன. கையேடுகளும் மெலிந்துவிட்டன. தடித்தது ஓர் அத்தியாயம் மட்டும்: படங்களை எங்கே சேமிப்பது, யாருக்கு அனுப்புவது. அது ஏன் என்று அன்று வரை நான் யோசித்ததில்லை.

பேருந்து நிலையத்திலிருந்து தொழிற்சாலைக்கு மூன்று கிலோமீற்றர். முச்சக்கர வண்டிக்கு ஐந்நூறு ரூபாய் கேட்டார்கள்.

"நண்டுக் கொம்பனிக்கோ? வேலைக்கோ பிள்ளை?"

"இல்லை அண்ணை, ஒரு மெசின் பாக்க."

"மெசின் பாக்க வாற ஆக்களைத்தான் இந்தக் கிழமை முழுக்க ஏத்துறன். வேலைக்கெண்டு ஒருத்தரும் ஏறேல்லை."

வாசலில் கைபேசியை வாங்கி வைத்துக்கொண்டு, தலைக்குத் தொப்பியும் காலுக்கு இறப்பர் சப்பாத்தும் தந்தார்கள். உள்ளே நீளமான உருக்கு மேசைகள். பன்னிரண்டு பெண்கள் அவித்த நண்டிலிருந்து சதை எடுத்துக்கொண்டிருந்தார்கள். குளிரும் நண்டு வாடையும் கலந்து தொண்டையில் நின்றன.

சதையோடு போய்விடும் ஓட்டுத் துணுக்குகளைப் பிடிப்பதுதான் இயந்திரத்தின் வேலை. தட்டுகள் பெல்ற்றில் நின்று நின்று நகரும். ஒவ்வொரு தரிப்பிலும் ஊதா வெளிச்சம் விழும், கமெரா படமெடுக்கும். ஒவ்வொரு தட்டிலும் அதை நிரப்பிய பெண்ணின் இலக்கம் இருக்கும். அன்று பிற்பகல் சோதனை ஓட்டம். ஐந்து துணுக்குகளுக்கு மேல் பிடிபட்டால் அந்தப் பெண்ணுக்கு இனி மேசையில் இடமில்லை என்று மேற்பார்வையாளர் காலையிலேயே சொல்லியிருந்தார். இடம் இருந்தால் கழுவும் பகுதிக்கு மாற்றுவார்களாம்.

எல்லோரும் ஏழாம் இலக்கத்தைத்தான் பார்த்தார்கள். அது மெற்றில்டா அக்கா, ஐம்பத்தைந்து வயதிருக்கும். "கண் கொஞ்சம் மங்கல்," என்று பக்கத்தில் இருந்த ஜெசிந்தா என்னிடம் மெதுவாகச் சொன்னாள். "மனுசன் பாரிசவாதத்திலை படுத்திட்டார். வள்ளத்தையும் வித்தாச்சு. இவவின்ரை கையை நம்பித்தான் வீடு."

கமெராவை நேராக்குவதற்காக, இயந்திரம் பூட்ட வந்திருந்த கஜன் மேல்மூடியைக் கழற்றி, இயந்திரம் நின்ற மூலையின் விளக்குகளை அணைத்தான். ஊதா வெளிச்சம் மட்டும் எரிந்தது. சதை மங்கலாகக் கிடக்க, ஓட்டுத் துணுக்குகள் தனித்தனியாக வெளுத்து ஒளிர்ந்தன. பெண்கள் கூடிவிட்டார்கள். மெற்றில்டா அக்கா குனிந்தார்.

"அடியே, இப்ப எனக்கும் தெரியுது."

அவர் விரல் நீட்டி ஒன்றை எடுத்தார். பிறகு இன்னொன்று, இன்னொன்று. அரை நிமிடத்தில் அந்தத் தட்டில் ஒளிர எதுவும் மிஞ்சவில்லை.

"அக்கா, கையை எடுங்கோ," என்றான் கஜன். "கமெராவுக்கு மறைக்குது."

அவர் கையை எடுத்தார். மூடி பூட்டப்பட்டது.

சாப்பாட்டுக்குப் பிறகு சோதனை தொடங்கியது. மூன்றாவது தட்டிலேயே பெல்ற் மேற்கொண்டு நகராமல் நின்றுவிட்டது. இலக்கம் ஏழு. திரையில் சிவப்பில், நான் தேர்ந்தெடுத்த சொல்: "ஓடு."

"பாருங்கோ அக்கா, மெசினே உங்களை ஓடச் சொல்லுது," என்றாள் ஜெசிந்தா.

"எங்கையடி ஓடுறது? ஓடி ஓடித்தானே இஞ்சை வந்து இருக்கிறம்."

மேசை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். வீட்டில் அந்தச் சொல்லை எழுதியபோது அதற்கு ஒரு பொருள்தான் என் கண்ணில் பட்டது. இரண்டாம் முறையும் ஏழு. மூன்றாம் முறை யாரும் சிரிக்கவில்லை. ஆறாவது துணுக்கு பிடிபட்டபோது மேற்பார்வையாளர் கணக்கு எழுதுவதை நிறுத்திவிட்டார்.

கஜனிடம் தனியாகக் கேட்டேன். "அந்த விளக்கை மேசைகளுக்கு மேலை போடேலாதோ? கண்ணுக்குக் காப்புக் கண்ணாடியும் குடுத்து?"

"போடலாம் மிஸ். கமெரா விலையோடை பாத்தா அது ஒரு காசே இல்லை."

"பிறகேன் போடேல்லை?"

"வெளிநாட்டிலை நண்டு வாங்கிறவன் கேக்கிறது படம். சதை சுத்தமாயிருந்தாப் போதாது, சுத்தம் எண்டு காட்டோணும். விளக்கு படம் எடுக்காதே."

அவன் கெட்டவனில்லை. மாலையில் மெற்றில்டா அக்காவின் முகத்தைப் பார்க்காமல் கருவிகளை அடுக்கிக்கொண்டிருந்தான்.

கைபேசியைத் திருப்பி வாங்கிக்கொண்டு வாசலில் நான் வண்டிக்குக் காத்திருக்க, மெற்றில்டா அக்கா பையோடு வெளியே வந்தார். நாளைக்கு வரவேண்டாம், சொல்லி அனுப்புகிறோம் என்றார்களாம்.

"பிள்ளை, உங்கடை போனிலை அந்த ஊதா வெளிச்சம் வருமோ?"

"வராது அக்கா, வெள்ளை மட்டும்தான்."

"போடுங்கோ பாப்பம்."

போட்டேன். கையை விரித்து, நகங்களுக்கிடையே ஒட்டியிருந்ததைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதிலை ஒண்டும் தெரியேல்லை," என்றுவிட்டுக் கடற்கரைப் பக்கமாக நடந்தார்.

போக நினைப்பவர்களுக்கு: அனுமதியை இரண்டு கிழமைக்கு முன்பே எழுதிக் கேளுங்கள். நண்டு வந்து இறங்கும் காலைநேரம்தான் நல்லது. தடித்த காலுறை போடுங்கள், தரை முழுக்க ஐஸ் தண்ணீர். திரும்பும் பேருந்து எனக்கு ஐந்து மணிக்குக் கிடைத்தது. இப்படி ஓர் இயந்திரம் வாங்க யோசிக்கும் சிறு முதலாளி யாராவது இதைப் படித்தால், விற்பவரிடம் விளக்கை மட்டும் தனியாக என்ன விலை என்று கேளுங்கள். கமெரா வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. படம் இல்லாமல் இனி வெளிநாட்டுக்கு ஒரு ரின் நண்டும் போகாது, அது எனக்கும் தெரிகிறது. ஆனால் அந்த வெளிச்சம் முதலில் யாருக்குத் தேவை என்பதை ஒருமுறை மேசையில் உட்கார்ந்து பாருங்கள்.

அடுத்த கிழமை கஜனுக்குப் போன் எடுத்துக் கேட்டேன். இயந்திரம் நன்றாக வேலை செய்கிறதாம். கழுவும் பகுதியில் இடம் இல்லையாம்.