தாகம் பழையது

அப்பா இறந்த செய்தி எனக்குப் புவனகிரிப் பாலத்தின்மேல் வந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, சிதம்பரத்திலிருந்து கடலூருக்குப் பஸ் ஏறியிருந்தேன். போனில் அத்தை, அப்பாவின் தங்கை, "போயிட்டாரும்மா" என்றாள். நான் முதலில் கேட்டது, "என்னைக் கேட்டாரா அத்தை?" என்றுதான். "தண்ணி கேட்டாரு" என்றாள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா கட்டிக்கொண்டாள். "தண்ணி தண்ணின்னாருடி. அப்புறம் பாப்பா எங்க, பாப்பா எங்கன்னு ஒன்னத்தான் கேட்டாரு." அப்பா என்னைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவார். கடைசி நேரத்தில் அவருடன் இருந்தவர்கள் அம்மாவும் அத்தையும் மட்டுமே.

அப்போது நான் சிதம்பரத்தில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்தேன். புத்தர் சொன்னதாக வந்திருக்கும் பழைய சூத்திரங்களில் எதை அவரே சொன்னார், எதைப் பின்னால் வந்தவர்கள் சேர்த்தார்கள் என்பதுதான் கேள்வி. அவர் போய்ப் பல தலைமுறைக்குப் பிறகே அவை எழுத்தில் ஏறின. அதுவரை துறவிகள் வாய்மொழியாகவே காப்பாற்றி வந்தார்கள். நாங்கள் கத்தோலிக்கக் குடும்பம். அத்தைக்கு இதில் ஒரே கேலி. "நம்ம பைபிள நோண்டுனா சாமியார் திட்டுவாருன்னுட்டு அவுங்களுத நோண்டுறா. வெவரமான பொண்ணு!" பாதி உண்மைதான். அடுத்த வீட்டு வேதத்தைச் சந்தேகப்படுவது சுலபம்.

வழிமுறை எளியது. ஒரே சூத்திரம் பாலி மொழியிலும் இருக்கும், சீன மொழிக்கும் போயிருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். இரண்டிலும் இருப்பது பழையது. ஒன்றில் மட்டும் இருப்பது சந்தேகத்துக்குரியது. சின்னதாக, அழகில்லாமல், யாருக்கும் பெருமை சேர்க்காமல் இருந்தால் அதை நம்பலாம். கேட்பவர் மனதைத் தேற்றுவதாக இருந்தால் நம்பக் கூடாது. இதைச் செய்வதில் எனக்கு ஒரு திமிரே இருந்தது. கண்ணு காது மூக்கு வைத்துச் சேர்த்த துறவிகள்மேல் உண்மையாகவே கோபப்பட்டேன்.

அந்தக் கத்தி என் வீட்டுப் பக்கம் திரும்பியதை நான் தடுக்கவில்லை. அம்மா சொன்னதிலும் அத்தை சொன்னதிலும் பொதுவாக இருந்தது தண்ணீர். நான் அம்மா பேச்சில் மட்டும்தான் இருந்தேன்.

வருஷா வருஷம் கல்லறைத் திருநாளுக்குக் கடலூர் போவேன். கல்லறைக்கு வெள்ளையடித்து, சாமந்தி வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றி, அப்பாவின் கடைசி நேரத்தைப் பற்றிப் பேசுவோம். முதல் வருஷமே அம்மாவின் கதையிலிருந்து தண்ணீர் காணாமல் போனது. அடுத்த வருஷக் கதையில் அப்பா கையைத் தூக்கி எல்லாரையும் ஆசீர்வதித்தார். அதற்குப் பிறகு, கோயிலில் நினைவுத் திருப்பலியின்போது உபதேசியார், இயேசு மரி சூசை என்று சொல்லியபடி அப்பாவின் உயிர் பிரிந்ததாகப் பேசினார். அன்றைக்குச் சென்னையில் இருந்த தம்பிகூட ஆமாம் என்று தலையாட்டினான். எல்லாக் கதையிலும் "பாப்பா எங்க" மட்டும் இருந்தது. கேட்கக் கேட்க அழுகை வந்தது. நம்ப முடியவில்லை.

ஒருநாள் நூலகத்தில் புத்தரின் கடைசிப் பயணத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். கிழவர், வயிற்று நோவு. வழியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்கிறார். வண்டிகள் போய் ஓடை கலங்கிக் கிடக்கிறது, கொஞ்சம் பொறுங்கள் என்கிறார் சீடர். மறுபடியும் கேட்கிறார். தண்ணீர் அதிசயமாகத் தெளிந்தது என்று ஒரு மொழியில் வந்த பாடம் சொல்கிறது. தெளியவே இல்லை, கலங்கலில் முகம் மட்டும் கழுவினார் என்று இன்னொன்று சொல்கிறது. 'தாகம் பழையது, தெளிந்தது பிந்தியது' என்று குறித்துவைத்தேன். குறித்த பிறகு அங்கே உட்கார முடியவில்லை.

அதிலிருந்துதான் அது ஆரம்பித்தது. பஸ் புவனகிரிப் பாலத்தில் ஏறும்போதெல்லாம் அப்பாவின் குரல் கேட்கும். கீழே வெள்ளாறு மணலாகக் கிடக்கும். "தண்ணி" என்பார். பாப்பா என்று ஒருநாளும் சொன்னதில்லை. பயமாக இருந்தது. பயத்தைவிட ஆத்திரம் அதிகமாக இருந்தது.

அன்று என்ன நடந்ததென்று அத்தையிடமே கேட்டுவிட்டேன்.

"கொடல் அடைப்பும்மா. ஆபரேஷன் வரைக்கும் ஒரு சொட்டு குடுக்கக் கூடாதுன்னுட்டாங்க. பாட்டில் ஒங்கம்மா கையிலதான் இருந்துச்சி. இவரு அத இழுக்கறாரு. அண்ணி முந்தானைக்குள்ள மறைச்சிக்கிச்சி. ஆபரேஷனுக்கு முன்னாடியே போயிட்டாரு."

"அப்ப பாப்பா எங்கன்னு என்னக் கேட்டது?"

"நான் நர்ஸக் கூப்பிட ஓடுனேன். அந்த நேரத்துல கேட்டிருந்தா எனக்கு எப்பிடித் தெரியும்?"

அம்மாவின் கதையிலிருந்து தண்ணீர் ஏன் போனதென்று அப்போதுதான் புரிந்தது.

2011இல் ஆய்வேட்டைச் சமர்ப்பித்துவிட்டுக் கல்லறைத் திருநாளுக்குப் போனேன். தம்பிக்கு அந்த வருஷம்தான் கல்யாணம் ஆகியிருந்தது. தம்பி மனைவி மெழுகுவர்த்தியைக் காற்றுக்கு மறைத்துக்கொண்டே அம்மாவிடம் கேட்டாள். "மாமா கடைசியா என்ன சொன்னாரு அத்தை?"

எல்லாருக்கும் பதில் மனப்பாடம். அம்மா கையில் தண்ணீர் பாட்டில் இருந்தது. ஒவ்வொரு வருஷமும் கொண்டுவந்து கல்லறையில் ஊற்றுவாள். பூ வாடாமல் இருக்க என்று நினைத்திருந்தோம்.

"தண்ணி கேட்டாரு" என்றாள் அம்மா. "நான் குடுக்கல."

நான் காத்திருந்தேன். அடுத்து பாப்பா வரவேண்டும். வரவில்லை. அம்மா பாட்டிலைத் திறக்கக்கூட முடியாமல் நின்றாள். ஆசீர்வாதம், இயேசு மரி சூசை எல்லாம் உதிர்ந்துபோய், இத்தனை வருஷமாக நான் தேடிய பழைய பாடம் அப்படியே என் முன்னால் நின்றது. அதை என்னால் பார்க்க முடியவில்லை.

"அதுக்கப்புறம் என்னக் கேட்டாரும்மா" என்றேன். "பாப்பா எங்கன்னு கேட்டாரு. நீதான சொன்ன."

"நான் சொன்னனா?"

"சொன்ன. அன்னிக்கே சொன்ன. தண்ணிய மறந்துட்டு என்னத்தான் தேடிக்கிட்டு இருந்தாருன்னு சொன்ன."

கடைசி வாக்கியத்தை அம்மா ஒருபோதும் சொன்னதில்லை. நான் அப்போது சேர்த்தது. அம்மா என் முகத்தையே பார்த்தாள். பிறகு, "ஆமா, ஒன்னத்தான் தேடுனாரு" என்று பாட்டிலைத் திறந்து ஊற்றினாள்.

திரும்பும்போது ஆட்டோவில் தம்பி மனைவி தன் அம்மாவுக்குப் போன் போட்டாள். "சாகறப்ப தாகத்தக்கூட மறந்துட்டு அண்ணியத்தான் தேடுனாராம்மா!" என்று என்னைப் பார்த்தபடி மூக்கை உறிஞ்சினாள். நான் திருத்தவில்லை.

மறுநாள் சிதம்பரம் பஸ் புவனகிரிப் பாலத்தில் ஏறியது. தண்ணி என்றார் அப்பா.