தம்பி பார்த்த நீர்க்கரடி

என் தம்பி வீராம்பட்டினத்தில் கடலில் முங்கும் வேலை செய்தான். படகிலிருக்கும் கம்ப்ரசரின் காற்றுக்குழாயை வாயில் கவ்விக்கொண்டு இறங்கி, பாறையில் சிக்கிய வலைகளை அறுத்து எடுக்க வேண்டும். ஒருநாள் அவன் அடியில் இருக்கும்போது கம்ப்ரசர் நின்றுவிட்டது. மூச்சு முட்டி ஒரேயடியாக மேலே வந்தான். படகு கரை சேர்வதற்குள் இடுப்புக்குக் கீழே உணர்வில்லை.

"ஆழத்துல ரத்தத்துல காத்து கரைஞ்சிருக்கும்மா. சட்டுனு மேல வந்தா சோடா பாட்டிலத் தொறந்த மாதிரி நுரைச்சுடும். தண்டுவடம் கெட்டுப்போச்சு" என்றார் மருத்துவர்.

முத்தியால்பேட்டையில் என் வீட்டுக்கே அவனைக் கொண்டுவந்தேன். பகலெல்லாம் மின்விசிறியைப் பார்த்தபடி கிடந்தான். நான் கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாடிச்சுவரில் காய்ந்திருந்த பாசியைச் சுரண்டித் தண்ணீரில் ஊறவைத்தேன். தலையணைகளை அண்டக்கொடுத்து அவனை உட்காரவைத்து, மைக்ராஸ்கோப்பில் காட்டினேன்.

"கரடிக்குட்டி மாதிரி நடக்குது. இன்னாக்கா இது?"

"நீர்க்கரடிடா. தண்ணி வத்துனா காலெல்லாம் உள்ள இழுத்துக்கிட்டு உருண்டையாயிடும். அப்ப, கடலோட அடி ஆழத்துல இருக்கறதப் போல பல மடங்கு அழுத்தம் குடுத்தாலும் சாவாது. தண்ணி பட்டா மறுபடியும் நடக்கும்."

"எப்படித் தாங்குது?"

"நசுங்கறதுக்கு ஒடம்புல காத்துப்பை இல்ல. தண்ணி போனதும் உள்ள ஒருவிதப் புரதம் கெட்டியாப் புடிச்சிக்குதுன்னு சொல்றாங்க. முழுசா யாருக்கும் தெரியல."

வெகுநேரம் பார்த்தான்.

"எத்தன காலு?"

"எட்டு."

"எல்லாத்தையும் ஆட்டுது" என்றான். பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். "எடுத்துட்டுப் போக்கா."

அவனுக்குக் கொஞ்சம் பொழுது போகட்டும் என்றுதான் காட்டினேன். அதன்பிறகு அவன் என்னிடம் எதையும் கேட்கவில்லை.

படுக்கைப்புண் வந்தது. நானும் கணவரும் மாற்றி மாற்றிப் புரட்டிப் படுக்கவைத்தும் எலும்புவரை போய்விட்டது. தை மாதம் காய்ச்சல் கண்டது. ரத்தத்தில் நஞ்சேறி, ஆஸ்பத்திரியில் இறந்துபோனான்.

வீராம்பட்டினத்தில்தான் அடக்கம் செய்தோம். அவனோடு முங்கியவர்களே பாடை தூக்கினார்கள். எல்லாம் முடிந்தபின் அவர்களில் ஒருவன் மட்டும் தம்பி குடியிருந்த வீட்டு வாசலில் நின்றிருந்தான்; தம்பியின் வயதுதான் இருக்கும்.

"இன்னும் அந்த வேலைக்குப் போறியா?" என்று கேட்டேன்.

"நாளைக்கு எறங்கணும்க்கா" என்றான். "வேற இன்னா தெரியும் எனக்கு?"

போகாதே என்று சொல்ல வாயெடுத்தேன். வேறு வேலைக்கு எனக்கும் வழி தெரியவில்லை. உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தேன்.