பலகைக்கு அந்தப் பக்கம் ஏழுமலை

ராயபுரத்தில் எங்கள் டாக்டரின் மருந்தகம் திறந்ததும் முதலில் வருபவள் மீன்காரி பாக்கியம். அன்று கூடையில்லாமல் வந்தாள். "கம்பவுண்டரே, ஏழுமல பூட்டாரு. விடிகாலைல மூச்சு நின்னு போச்சு" என்றாள். கையிலிருந்த சீசாவை மூட மறந்து நின்றேன்.

காசிமேட்டில் அவனைத் தெரியாதவர்கள் யார்? ஓர் ஆணிகூட அடிக்காமல், பலகைகளைத் தேங்காய்நார்க் கயிற்றால் தைத்தே படகு கட்டுகிறவன். தையல் என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டே வாழ்க்கையை ஓட்டினான். கிழிந்த பாய்க்கும் தையல், துறைமுகத்துக் கோணிக்கும் தையல், கல்யாண வீட்டு மந்தார இலைக்கும் தையல். காலில் முள் ஏறினாலும் "தச்சிக்கிச்சு" என்பான். யாராவது ஏசிவிட்டால் நெஞ்சைத் தொட்டு, "இங்க தச்சிக்கினு கீது" என்பான்.

முதன்முதலில் முழங்கால் கிழிந்து என்னிடம் வந்தான். நான் தைத்து முடித்ததைக் குனிந்து பார்த்தான்.

"இன்னா கம்பவுண்டரே, இதான் உன் தையலா? கோணிக்கி இத்த போட்டா அரிசி பூரா ரோட்ல கொட்டிடும்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "நீ போய்க் கோணியைத் தை, உடம்ப நான் பாத்துக்கறேன்" என்றேன். அவன் சிரித்த சிரிப்பில், வரிசையில் நின்ற காய்ச்சல்காரர்களும் சிரித்துவிட்டார்கள். அன்றிலிருந்து நாங்கள் தோஸ்துகள்.

இனி, சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருஷம் கழித்து, உளி வழுக்கி அவன் வலது கட்டைவிரலின் அடியில் வெட்டிவிட்டது. டாக்டர் இன்னும் வந்திருக்கவில்லை. காத்திருந்திருக்க வேண்டும். நானே தைத்தேன். அழகான தையல், அவனே மெச்சினான். உள்ளே நரம்பு அறுந்திருந்ததை நான் பார்க்கவில்லை. புண் ஆறியது. விரல் மடங்கவில்லை.

படகு தைக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவன் உள்ளே உட்கார்ந்து துளை வழியாகக் கயிற்றை நீட்டுவான். மற்றவன் வெளியே நின்று இழுத்து இறுக்குவான். நடுவில் பலகை, ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. ஏழுமலை எப்போதும் வெளியே நிற்பவன். அந்த விரலை வைத்துக்கொண்டு இனி எதை இழுப்பான்? கூட்டாளி வேறு படகுக்குப் போய்விட்டான். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏழுமலை என் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"கெளம்பு கம்பவுண்டரே. நான் உள்ள குந்திக்கிறேன். நீ இழு."

அதன்பின் எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள்! என் உள்ளங்கை கொப்புளித்தது. "இது ஊசி போடற கையா, பூ கட்டற கையா?" என்று உள்ளிருந்தே கிண்டல் செய்வான்.

கேட்க வேண்டியது ஒன்று எனக்கு இருந்தது. முகத்தைப் பார்த்துக் கேட்க நாக்கு எழவில்லை. ஒருநாள் பலகை கொடுத்த தைரியத்தில் கேட்டுவிட்டேன். "ஏழுமலை, உன் வெரல கெடுத்தது நான்தான். என்மேல கோவம் இல்லியா?"

துளை வழியாகக் கயிற்றின் முனை வந்தது.

"இழு கம்பவுண்டரே, தொளதொளன்னு கீது."

அவ்வளவுதான். அது மன்னிப்பா, பேச்சை மாற்றினானா? இன்னொரு சொல் வரும் என்று வருஷக்கணக்காகக் காத்திருந்தேன்.

கடைசி இரண்டு ஞாயிறும் எனக்குக் காய்ச்சல், போகவில்லை. காரியம் முடிந்த பிறகுதான் கரைக்குப் போனேன். பாதி தைத்த படகு மணலில் கிடந்தது. ஒரு துளையில் கயிற்றின் முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அவன் மனைவி தனக்கோடி சொன்னாள்: "படுக்கைல வுழறதுக்கு மொத நாளு சொருவி வெச்சாரு. யாரையும் தொட வுடல. 'கம்பவுண்டரு வந்து இழுத்துக்குவாரு, அவரு இழுத்தாத்தான் எனக்கு நெறைவா கீது'ன்னாரு."

இரண்டு கையாலும் இழுத்தேன். கயிறு இறுகியது. பழக்கத்தில் அடுத்த துளையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வெகுநேரம் நின்றேன். தனக்கோடிதான் வந்து, "வூட்டுக்குப் போ கம்பவுண்டரே" என்றாள்.

என் உள்ளங்கையில் கயிறு அறுத்த இடம் காய்ப்பேறிப் போயிருக்கிறது. மருந்து கொடுப்பவன் இப்படிச் சொல்லக்கூடாதுதான். இது மட்டும் ஆறாமல் இருக்கட்டும்.