சத்தம் செத்த இடம்

என் பெண்டாட்டி சென்னியம்மாளைப் பற்றி யாராவது நாலு வரி எழுதி வைக்க வேண்டும். எங்கள் ஊரில் எழுதத் தெரிந்தவர்கள் எல்லாம் சோம்பேறிகள். அதனால் குழந்தைவேலாகிய நானே எழுதுகிறேன். டிராக்டர் ஓட்டிய கை. எழுத்து கோணலாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

சேந்தமங்கலம் ரோட்டில் ஒரு கோழிப்பண்ணை. அங்கே முட்டை பிரிக்கும் கொட்டகையில் அவளுக்கு வேலை. மூன்று முட்டையை ஒரே கையில் எடுத்து, லேசாக உருட்டி, ஒன்றோடொன்று தட்டுவாள். நல்ல ஓடு என்றால் 'டிக்' என்று கேட்கும். கண்ணுக்குத் தெரியாத மயிரிழைக் கீறல் விழுந்திருந்தாலும் சத்தம் மழுங்கிவிடும். "இது சத்தம் செத்துப்போச்சு" என்று அந்த முட்டையைத் தனியாக வைப்பாள். ஊர்க்கதை பேசிக்கொண்டே நாளெல்லாம் தட்டுவாள். பேச்சும் நிற்காது, கையும் நிற்காது. ஒரு கீறல் முட்டை அவளைத் தாண்டி லாரி ஏறியதில்லை.

கொட்டகையில் அது கெட்டிக்காரத்தனம். வீட்டில் எனக்குச் சனியன். டிராக்டர் தெருமுனையில் திரும்பும் சத்தத்திலேயே நான் எங்கே நின்றுவிட்டு வருகிறேன் என்று கண்டுபிடித்துவிடுவாள். அந்தக் காதோடு குடித்தனம் நடத்திப் பார்த்தால்தான் என் பாடு தெரியும்.

எண்பத்திரண்டாம் வருஷம் ஆடி மாதம், கடலைக்காட்டில் சிவப்புக் கம்பளிப்புழு இறங்கியது. சாயங்காலம் பச்சையாக இருந்த காடு காலையில் வெறும் காம்பாக நின்றது. பஞ்சாயத்துத் தலைவர் நாச்சிமுத்துக் கவுண்டர் ஆபீஸ் ஆபீஸாக அலைந்து மருந்தடிக்க ஒரு ஹெலிகாப்டரை வரவழைத்துவிட்டார். எங்கள் ஊர் வாயில் அது 'எலிகாப்டர்'. பள்ளிக்கூட மைதானத்தில் வந்து இறங்கியது. மூன்று ஊர் ஜனம் கூடிவிட்டது.

பைலட்டுக்கு யார் காடு எங்கே என்று தெரியாது. வரப்பு காட்ட ஓர் ஆள் கூட ஏற வேண்டும். ஊரில் எல்லார் காட்டையும் உழுதவன் நான். வேறு யாரைக் கூப்பிடுவார்கள்? மறுநாள் காலையில் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றியில் பட்டை, மைனர் மாதிரி போய் நின்றேன். "ஆடிக்காத்துல அம்மியே பறக்குமாமா, நம்ம கொழந்தவேலு பறக்க மாட்டானா!" என்று ஒருத்தன் கத்தினான். மைதானமே சிரித்தது. எனக்குக் கோபம்கூட வரவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

மேளம் வந்திருந்தது. தேங்காய், சூடம் எல்லாம் தயார். சக்கரம் இல்லாத வண்டிக்கு எலுமிச்சம்பழத்தை எங்கே வைப்பது என்று ஒரு சண்டை நடந்து, கடைசியில் அடியில் இருக்கும் கம்பிக் காலுக்குக் கீழே வைத்தார்கள். ஆடியில் இப்படி ஒரு காரியம் தொடங்கலாமா என்று கிழவர்கள் சிலர் ஏற்கெனவே முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள்.

ஹெலிகாப்டரைப் பராமரிக்கும் இன்ஜினியர் பொள்ளாச்சிக்காரர், வெள்ளியங்கிரி என்று பெயர். ஸ்டூல் மேல் ஏறி, ஒரு ரூபாய் நாணயத்தால் மேலே இருந்த நீளமான றெக்கையை அங்குலம் அங்குலமாகத் தட்டிக்கொண்டு வந்தார். "என்னங்க, தேங்கா வாங்கறாப்ல தட்டறீங்க?" என்று தலைவர் கேட்டார்.

"இந்தக் காலத்து றெக்கைக்கு ஆணியெல்லாம் அடிக்கறதில்லீங்க. தகட்டைப் பசை போட்டு ஒட்டறதுதானுங்க. பசை உட்டுப்போனா வெளிய தெரியாது, சத்தந்தான் மாறும். இப்ப மெட்ராஸுக்குப் புதுசா ஒரு பெட்டி வந்திருக்குதுங்க. காதே வேண்டாம். முள்ளு ஆடியே காட்டிரும்" என்றார் அவர், தட்டிக்கொண்டே.

"ஒட்டின றெக்கையிலயா பறக்கறது!" என்று தலைவர் வாயைப் பிளந்தார். அவருக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டே இன்ஜினியர் மிச்ச றெக்கையையும் தட்டி முடித்து இறங்கினார். தேங்காயைக் கையில் எடுத்தார்கள்.

அப்போதுதான் என் பக்கத்தில் நின்ற சென்னியம்மாள் முன்னால் போனாள்.

"சித்த நில்லுங்க. அந்தக் கடைசிக்கு முன்னால ஒரு எடம், அது செத்துப்போச்சுங்க."

மேளக்காரன் அடிக்க ஓங்கிய கையை இறக்கிவிட்டான். நல்ல காரியத்துக்கு நிற்கிற இடத்தில், ஆடி மாதத்தில், புருஷன் வானத்தில் ஏறப் போகிற நேரத்தில், கட்டியவள் வாயிலிருந்து 'செத்துப்போச்சு'! "அட கெரகமே! என்ன பேச்சு புள்ள பேசறே!" என்று நாலு பொம்பளைகள் ஒரே நேரத்தில் பாய்ந்தார்கள். ஒரு கிழவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பியே விட்டார். எனக்கு அவமானத்தில் காது கொதித்தது. "ஊட்டுக்குப் போ புள்ள! கொட்டாய்ல பேசறத இங்க வந்து பேசாதே!" என்று அத்தனை பேர் முன்னால் கத்தினேன். இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

அவள் அசையவில்லை. "எங்க ஊட்டுக்காரரு இதுல ஏறக் கூடாதுங்க, சாமி" என்று இன்ஜினியரிடம் சொன்னாள். கண்ணில் தண்ணீர் நின்றது.

அவர் முகம்தான் மாறிப்போயிருந்தது. "அக்கா, என்ன சொன்னீங்க? செத்துப்போச்சுன்னா சத்தமுங்களா?"

"ஆமாங்க. வேற எதைச் சொல்லுவேன்?"

"எங்க தொழில்லயும் அதை டெட் சவுண்டுன்னுதானுங்க சொல்லுவோம்! எந்த எடமுங்க?"

ஊர் மொத்தமும் சாவு என்று கேட்டதை அந்த மனுஷன் ஒருத்தர்தான் சரியாகக் கேட்டார். ஸ்டூலில் அவளையே ஏற்றி, நாணயத்தைக் கையில் கொடுத்தார். தலையை ஒரு பக்கம் சாய்த்துத் தட்டினாள். டிக், டிக், டிக், டப். பள்ளிக்கூடத்துச் சாக்பீஸால் அந்த இடத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள். வட்டமா அது? பழக்கதோஷம், முட்டையாக வந்தது. இன்ஜினியரும் தட்டிப் பார்த்தார். "எனக்கு அரைகுறையாத்தான் கேக்குது. ஆனா சந்தேகம்னு வந்தாச்சுன்னா கிளப்ப மாட்டேனுங்க" என்று சொல்லி, பெட்டி கேட்டு மெட்ராஸுக்குத் தந்தி கொடுத்தார்.

இரண்டு நாள். புழு சும்மா இருக்குமா? ஜனம் கையால் பொறுக்கிச் சட்டியில் போட்டது. பொறுக்கிய ஒவ்வொரு புழுவுக்கும் என் பெண்டாட்டிக்கு ஒரு திட்டு விழுந்தது. நானும் சோறு தின்னும்போது மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டேன். அவளை மடக்கிவிடலாம் என்று நல்ல சட்டி நாலோடு கீறல் சட்டி ஒன்றைக் கலந்து வைத்து, அவள் அடுப்படியில் இருக்கும்போது திண்ணையிலிருந்து ஒவ்வொன்றாகத் தட்டினேன். "மூணாவது. அத எதுக்கு எடுத்துட்டு வந்தீங்க?" என்று உள்ளேயிருந்து கேட்டாள். சட்டியை எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் வைத்தேன்.

மூன்றாம் நாள் காலை, சேலம் ஜங்ஷனில் இறங்கிய பெட்டி ஜீப்பில் வந்து சேர்ந்தது. டிரான்சிஸ்டர் ரேடியோ அளவுதான். இன்ஜினியர் அதன் குமிழை றெக்கை மேல் வைத்து நகர்த்தினார். முள் நிமிர்ந்தே வந்தது. சாக்பீஸ் முட்டைக்குள் நுழைந்ததும் தொப்பென்று சாய்ந்தது. வெளியே வந்ததும் நிமிர்ந்தது. மறுபடி நுழைந்தார், மறுபடி சாய்ந்தது. அப்புறம் தலைவர், "மேளத்தை அடிங்கடா, மடப்பசங்களா!" என்று கத்தினார் பாருங்கள், அப்படி ஒரு மேளம் எங்கள் கல்யாணத்துக்குக்கூட அடிக்கவில்லை. திட்டின பொம்பளைகளே அவளைக் கட்டிக்கொண்டார்கள்.

இன்ஜினியர் கும்பிட்டார். "பெட்டி மூணாம் நாளு வந்துச்சுங்க அக்கா. நீங்க அன்னிக்கே வந்துட்டீங்க."

மறுநாள் புது றெக்கைகள் வந்தன. ஒன்றை மட்டும் மாற்றக் கூடாதாம், ஜோடியாகத்தான் மாற்றணுமாம். மாட்டி முடித்ததும் சென்னியம்மாளையே தட்டிப் பார்க்கச் சொன்னார்கள். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை தட்டிவிட்டு இறங்கி வந்து, "ஏறுங்க மாமா" என்றாள்.

ஒரு கேள்வி கேட்காமல் ஏற எனக்கு மனசு வரவில்லை. "ஏம்புள்ள, அந்தப் பெட்டி ஒண்ணுமில்லைன்னு சொல்லியிருந்தா? ஊரே காறித் துப்பியிருக்குமே!"

"துப்பியிருக்கும். கூடச் சேந்து துப்பறதுக்கு நீங்க உசுரோட இருந்திருப்பீங்கல்ல. அது போதும்."

அந்த இடத்தில் நான் அழுதேன். வெள்ளைச் சட்டை, நெற்றிப் பட்டை, மைனர் எல்லாம் போச்சு. பைலட் கூப்பிட்டார், கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏறினேன்.

மேலேயிருந்து பார்த்தால் எங்கள் காடுகள் அவ்வளவு அழகு! வரப்பு காட்டினேன், மருந்து இறங்கியது, முக்கால்வாசிக் கடலை பிழைத்தது. வளைந்து திரும்பும்போது மைதானத்தைப் பார்த்துக் கையை ஆட்டினேன். ஊரே கையாட்டியது. அவள் ஆட்டவில்லை. தலையை ஒரு பக்கம் சாய்த்து, றெக்கைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றாள். நான் தரையில் கால் வைக்கும் வரை தலையை நிமிர்த்தவே இல்லையாம்.