ஆறு மணி ஷிப்டும் ஆறே கால் பஸ்ஸும்

ஒதீலியா பதினெட்டு வருஷம் தறி ஓட்டியவள். நெசவாலையை மூடியதும் நானூறு பேரோடு அவளும் எங்கள் வேலைவாய்ப்பு அலுவலக வரிசையில் வந்து நின்றாள். கையெழுத்து அழகாக இருந்ததால் தற்காலிக எழுத்தராகச் சேர்த்துக்கொண்டோம்; அப்படியே நிலைத்துவிட்டாள். எனக்கு அடுத்த மேசை.

அந்த வருஷங்களில் ஸ்லோவாக்கியாவின் தென்கோடியில் இருக்கும் எங்கள் மாவட்டத்தில் நாலு பேரில் ஒருவருக்கு வேலை கிடையாது. அப்படியிருந்தும் ஊருக்கு வெளியே புதிதாக வந்த கார் வயர் தொழிற்சாலை ஆள் கேட்டுக்கொண்டே இருந்தது. ஹ்ராபோவோ கிராமத்துப் பெண்கள் பதினாறு பேரை அனுப்பினோம். ஒருத்தியும் சேரவில்லை. படிவத்தில் காரணம் எழுத ஒரு கட்டம் உண்டு.

"விருப்பமில்லைன்னு எழுதும்மா," என்றார் அதிகாரி பார்தோஷ். "உதவிப்பணம் வாங்கிப் பழகிட்டாங்க."

ஒதீலியா எழுதவில்லை. அந்தப் பெண்களில் மூத்தவளான ரூஷெனாவைக் கூப்பிட்டுக் கேட்டாள்.

"விருப்பமா? ஷிப்ட் ஆறு மணிக்கு. எங்க ஊர் முதல் பஸ் இங்க வர்றதே ஆறே காலுக்கு. பறந்தா வர முடியும் மேடம்?"

"இத ஏன் முன்னாடியே சொல்லலை?"

"யார் கேட்டாங்க?"

மறுநாள் ஒதீலியா தொழிற்சாலைக்குப் போனாள். கால் மணி நேரம் இயந்திரம் காத்திருக்காது என்றார்கள். பஸ் டிப்போவில், ஓட்டுநர் விடிகாலை இங்கிருந்து கிளம்பிப் போய்த்தானே ஆள் ஏற்ற வேண்டும், இன்னும் சீக்கிரம் கிளப்பினால் அவருக்கு ஓய்வு நேரம் போதாது என்றார்கள். ஒரு மாதம் இரண்டு இடத்துக்கும் நடந்தாள். பார்தோஷ், "உன் வேலை எழுதறது, பஸ் விடறது இல்ல," என்று எரிந்துவிழுந்தார்.

கடைசியில் ஒரு நாள் அந்தப் பஸ்ஸிலேயே ஏறி ஓட்டுநர் இம்ரோவிடம் பேச்சுக் கொடுத்தாள்.

"நான் ஹ்ராபோவோவுக்கு அடுத்த ஊர்தான்," என்றான் அவன். "இருட்டுல மோட்டார் சைக்கிள்ல டவுனுக்கு வந்து, காலி பஸ்ஸ எடுத்துக்கிட்டு மறுபடி எங்க ஊருக்கே போறேன். பைத்தியக்காரத்தனம்தான். என்ன பண்றது?"

"ராத்திரி பஸ் உங்க வீட்டுப் பக்கமே நின்னா?"

இம்ரோ பிரேக்கை மிதித்துத் திரும்பிப் பார்த்தான். "அரை மணி முன்னாடியே எடுத்துடலாம்க்கா. தூக்கமும் மிச்சம்."

டீசல் மிச்சமாகும் என்றதும் டிப்போ சம்மதித்தது. ஏப்ரலில் பஸ் ஐந்தே முக்காலுக்கே டவுனுக்கு வந்தது. பதினாறில் பதினான்கு பேர் சேர்ந்தார்கள். ரூஷெனாவுக்கு மெல்லிய வயர் கண்ணுக்குப் பிடிபடவில்லை. அங்கேயே சமையலறையில் எடுத்துக்கொண்டார்கள். ஒருத்திக்கு நிஜமாகவே விருப்பமில்லை. அதையும் ஒதீலியா அப்படியே எழுதினாள்.

முதல் வாரம் அவளும் ஒரு நாள் அவர்களோடு பயணம் செய்தாள். பஸ் முழுக்கப் பேச்சும் சிரிப்பும்.

"கோழிக்கூண்டு தேவலை!" என்று கத்தினான் இம்ரோ.

"கோழிக்குச் சம்பளம் உண்டாடா?" என்றாள் ரூஷெனா. கசகசா ரொட்டி ஒன்றைப் பிட்டு ஒதீலியாவின் கையில் திணித்தாள்.

நெசவாலையின் நானூறு வேலைகள் திரும்பவே இல்லை. அதற்கு அவளிடமும் வழி இருக்கவில்லை. ஆனால் அன்று ஒன்பது மணிக்கு அலுவலகம் வந்தவள் மேலங்கியில் ரொட்டித் துகளோடு உட்கார்ந்து, வரிசையில் முதலில் நின்றவரிடம், "காலைல எப்படி வருவீங்க?" என்று கேட்டாள்.