நல்லசாமி அடைத்த மூலை வாசல்

நல்லசாமி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. நியூசிலாந்தில், சான்ட்ரிங்ஹாம் நாற்சந்தியில் எனக்கும் அவருக்கும் எதிரெதிர்க் கடை. எனக்குத் தையல், அவருக்கு மளிகை. மெஷினிலிருந்து எப்போது தலை நிமிர்ந்தாலும் மனுஷர் எதையாவது தூக்கிக்கொண்டு ஓடுவார். கரூர்க்காரர். டவுனில் ஓர் ஐ.டி. அலுவலகத்தில் பத்து வருடம் இருந்துவிட்டு, ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு வந்தார். "அந்த நாற்காலியைப் பார்த்தாலே மூச்சு முட்டுதுக்கா" என்பார். அவர் மனைவி கண்மணி நர்ஸ். ஒரு கெடு வைத்துத்தான் கடைக்குச் சம்மதித்தாள். ஒரே வருடம். கடை நிலைக்கவில்லை என்றால் மறுபேச்சில்லாமல் அந்த நாற்காலிக்கே திரும்பிவிட வேண்டும்.

கடை இருப்பது நூறு வயதான செங்கல் கட்டடத்தில். நெற்றியில் 1926 என்று சுண்ணாம்பு எழுத்து. நடைபாதைக்கு மேலே தகரக் கூரை. கட்டியவன் கெட்டிக்காரன், மூலையைச் சீவி அங்கே வாசல் வைத்திருக்கிறான். எந்தத் தெருவிலிருந்து வந்தாலும் கால் தானாக உள்ளே போகும். பஸ்ஸுக்கு நிற்பவர்கள், எப்சம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், பிரியாணிக்கு வரிசையில் நிற்பவர்கள், எல்லோரும் அந்த மூலையைத் தாண்டித்தான் போக வேண்டும்.

கடை திறந்து மூன்றாவது வாரம், மழை நாளில், அந்த வாசல்படியில் கண்மணி வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். ஓடிப்போய்த் தூக்கியவள் நான்தான். தூக்கியதோடு வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம். "தம்பி, தென்மேற்கு வாசல் கூடாதெண்டு எங்கட ஆக்கள் சொல்லுறவை" என்று சொல்லித் தொலைத்தேன். சும்மா சொன்னது. யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டு வாசல் எந்தத் திசை என்று கேட்டால் எனக்கே தெரியாது.

அவ்வளவுதான். சென்னை வாஸ்துக்காரர் ஒருவரை போனில் பிடித்தார் நல்லசாமி. அவர் கூடவே கூடாது என்றார். மனம் ஆறாமல் மலேசியாவில் இன்னொருவரைக் கேட்டார். நியூசிலாந்தில் சூரியன் வடக்குப் பக்கமாகப் போகிறது, அதனால் தெற்கை வடக்காக எடுத்துக்கொள்ள வேண்டும், உங்களுடையது வடமேற்கு வாசல் என்றார் அவர். அதற்கும் ஒரு பரிகாரம் வைத்திருந்தார், கிழக்கு வாசல். கிழக்குச் சுவரில் புது வாசல் வெட்ட நகரக் கவுன்சிலைக் கேட்டபோது, பாதுகாக்கப்பட்ட பழைய கட்டடம், வெளிப்புறத்தில் கை வைக்கக் கூடாது என்று கடிதம் வந்தது.

வெளிப்புறத்தில்தானே கூடாது? உள்ளேயிருந்து மூலை வாசலுக்குப் பலகை அடித்தார். தென்மேற்கில் கனம் இருக்க வேண்டுமாம். இரண்டு பக்கக் கண்ணாடியும் மறைய அரிசி மூட்டைகளை அடுக்கினார். கிழக்கே குப்பைத்தொட்டிகள் நிற்கும் சந்தில் இருந்த சின்னக் கதவு கடைவாசல் ஆனது. வழி பின்பக்கம் என்று ஒட்டிய காகிதம் ஒரே மழையில் கரைந்தது. அதன்பிறகு வாரம் ஒரு மாற்றம். கல்லா வடக்கே போகும், பருப்பு தெற்கே வரும், மலேசியாக்காரர் போன் செய்தால் இரண்டும் இடம் மாறும். உளுந்து வாங்கப் போனால் நானே தேட வேண்டும். கூட்டம் குறையக் குறைய மூட்டைகள் இன்னும் வேகமாக நகர்ந்தன. "இந்த வாரம் சரியாயிடும்கா" என்பார், நெற்றியைத் துடைத்தபடி. எனக்கு நெஞ்சு குறுகுறுக்கும். பலகையைக் கழற்றச் சொல்ல வாய் வராது. கழற்றி, மறுபடி அந்தப் பெண் விழுந்துவிட்டால்? நான் கிளப்பிவிட்ட பூதம் அல்லவா.

இப்படியே பதினோரு மாதம் ஓடிவிட்டது. கெடு முடிய நான்கே நாள் இருந்தபோது நல்ல மழை. டெலிவரி வேனிலிருந்து ஒரு பெட்டியைச் சுமந்துகொண்டு வந்த நல்லசாமி, மழைக்குத் தன் கடைக் கூரையின் கீழேயே ஒதுங்கினார். பஸ்ஸுக்கு நின்ற ஒரு வெள்ளைக்காரக் கிழவி அவரிடம் பேச்சுக் கொடுத்தார். பிறகு மனுஷர் பெட்டியை அங்கேயே வைத்துவிட்டு, நனைந்தபடி என் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். எனக்குப் பயமாகிவிட்டது.

"என்ன தம்பி?"

"இங்க ஒரு நல்ல இந்தியன் கடை இருந்துச்சாம். மூடி ஒரு வருஷம் ஆச்சாம். பாவம், எங்க போனாங்களோன்னு என்கிட்டயே கேக்குதுக்கா அந்தம்மா. நான் உள்ளேயேதான இருந்தேன்!"

"முதலில நான் ஒண்டு சொல்லவேணும், தம்பி. அண்டைக்கு அந்த வாசலைப் பற்றிச் சொன்னது சும்மா வாய்க்கு வந்தது. எனக்கு வாஸ்து ஒண்டும் தெரியாது" என்றேன். அவர் என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

அதற்குள் எதிரே கார் நிற்கும் சத்தம் கேட்டது. வேலை முடிந்து வந்த கண்மணி, அனாதையாகக் கிடந்த பெட்டியையும் எங்கள் இருவரையும் பார்த்தாள். இங்கே வந்து விஷயத்தைக் கேட்டாள். சந்து வழியாக உள்ளே போய், மூட்டைகளைப் புரட்டித் தள்ளி, சுத்தியலைக் கொடுத்துப் பலகையை நெம்பினாள். உடைந்து ஒட்டிய அதே கையால். நல்லசாமி பதறிக்கொண்டு ஓடினார், பின்னாலேயே நானும்.

"வேண்டாம் கண்மணி, மழை பெய்யுது, படி வழுக்கும்!"

"வழுக்கினா கால்மிதி வாங்கிப் போடுங்க. மழையில செருப்போட ஓடினேன், விழுந்தேன். அதுக்குப் போய்க் கதவை அடைப்பாங்களா?"

பலகை விழுந்தது. கதவு முனகிக்கொண்டு திறந்தது. பஸ்ஸைக் காணாமல் நின்றிருந்த கிழவி, குடையை மடக்கிக்கொண்டு முதல் ஆளாக உள்ளே வந்தார். அவர் பின்னால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் நான்கு பேர். இருட்டியிருந்த கடைக்குள் தெருச் சத்தம் முழுவதும் வந்துவிட்டது. நல்லசாமி மூட்டைகளுக்கு நடுவில் கை பிசைந்துகொண்டு நின்றார்.

"இனிமே திறந்து என்ன பிரயோஜனம்? கெடு முடிய நாலு நாள்தானே இருக்கு" என்றார், மெதுவாக.

கண்மணி கிழவிக்குக் கூடையை எடுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பினாள்.

"எந்தக் கெடு? கடையையே இன்னைக்குத்தான் திறந்திருக்கோம்."